சிவப்பணுக் கொழுப்பும் இரு பிழைகளும்

அல்சூர்க் கடைத்தெருவில் விற்கப்படும் தவிட்டெண்ணெய், பெரும்பாலும் ஹெக்சேன் என்னும் கரைப்பானால் தவிட்டிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டுப் பின்னர்ச் சுத்திகரிக்கப்படுவதாகும். நீரில் கரையாத கொழுப்பு, தக்க கரைப்பானில் கரைந்து வெளிவரும். ஆலைக்குப் பயன்படும் இந்நியதி இரத்த ஆய்வுக்கும் அடிப்படையாக உள்ளது.

பாலூட்டிகளின் முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவும் இல்லை, உட்சவ்வுகளும் இல்லை. ஆகவே, அதிலிருந்து கிடைக்கும் கொழுப்பு ஏறத்தாழ முழுவதும் வெளிச்சவ்வுக்கே உரியது. 1925ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டின் லைடன் நகரில் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இரு அறிஞர்கள் இவ்வியல்பைப் பயன்படுத்திக் கொண்டனர். மனிதன், நாய், முயல், ஆடு முதலிய உயிர்களின் சிவப்பணுக்களிலிருந்து அசிட்டோனால் கொழுப்பைப் பிரித்து, நீரின்மேல் ஒரே மூலக்கூறு கனமுள்ள படலமாகப் பரப்பினர். படலத்தின் பரப்பு, அணுக்களின் மொத்தப் பரப்பைப்போல் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. எனவே, சவ்வில் கொழுப்பு இரண்டு அடுக்காக அமைந்துள்ளது என்று முடிவு செய்தனர்.

முடிவு சரியானதே. ஆனால், அளவீட்டில் இரு பிழைகள் இருந்தன. அசிட்டோன் கொழுப்பு முழுவதையும் வெளிக்கொணரவில்லை. மறுபுறம், அணு ஒன்றின் பரப்பை அவர்கள் சுமார் 100 சதுர மைக்ரோமீட்டர் எனக் கொண்டனர். மனித அணுவின் பரப்பு சுமார் 140 என்பது இன்றைய கணிப்பு. தொகுதியும் பகுதியும் ஒருங்கே குறைந்தமையால் விகிதம் பிழைக்கவில்லை. 1966ஆம் ஆண்டின் மறு ஆய்வு இதனைத் தெளிவாக்கியது.

இதற்கிடையே முறைகளும் திருந்தின. 1957இல் போல்ச் குழுவினர் குளோரோபார்ம் இரு பங்கும் மெத்தனால் ஒரு பங்கும் கொண்ட கலவையைப் பரிந்துரைத்தனர். ஆயினும் சிவப்பணுக்களில் இதனைப் பயன்படுத்தும்போது, இரத்தத்தின் நிறப்பொருளும் கொழுப்புடன் கலந்து வருவது இடையூறாயிற்று. 1965இல் ரோஸ், ஓக்லாண்டர் இருவரும் மெத்தனாலுக்குப் பதில் ஐசோபுரோப்பனாலை முதலில் சேர்த்து, அதன்பின் குளோரோபார்மைச் சேர்த்து இக்குறையைக் களைந்தனர்.

புள்ளிவிவரங்களைக் கையாளும் மாணவர்க்கும் அலுவலர்க்கும் இதில் ஒரு படிப்பினை உண்டு. தலா வருமானமாயினும் ஏக்கர் விளைச்சலாயினும், விகிதம் பொருத்தமாக உள்ளது என்பதால் மட்டும் அதன் உறுப்புகள் சரியெனக் கொள்ளலாகாது. இரு பிழைகளில் ஒன்றை மட்டும் திருத்தினால், அதுவரை சரியாயிருந்த விடையும் தவறிவிடும். தொகுதியையும் பகுதியையும் தனித்தனியே சோதித்தறிதலே முறையாகும்.