‘இல்லை’ன்னு டிக் அடிக்கிறதுக்கு முன்னாடி

முத்தாபுதுப்பேட்டையில் ஏர்ஃபோர்ஸ் ஸ்டேஷன் பக்கத்திலேயே இருப்பதால் போலீஸ் வெரிஃபிகேஷன் என்பது எங்க தெருவுக்குப் புதுசு இல்லை. ஆனா போன மாசம் டீக்கடையில் நண்பன் ஒருத்தன் நீட்டியது சட்டக் கல்லூரிப் படிவம். பி.இ. முடிச்சிட்டு மூணு வருஷ சட்டம் படிக்கப் போறான். “மச்சி, அந்த பஸ் டே மேட்டரை இதுல எழுதணுமா?”

செகண்ட் இயர்ல பஸ் டே தகராறில் மாட்டி, பூந்தமல்லி கோர்ட்டில் 500 ரூபாய் கட்டிட்டு வந்தான். வீட்டில் இன்னிக்கு வரைக்கும் தெரியாது. “ஃபைன் தானேடா, கேஸ் இல்லையே” என்றான்.

இங்கேதான் நம்மில் பலர் ஏமாறுகிறோம். மாஜிஸ்திரேட் முன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால், தொகை எவ்வளவு சின்னதா இருந்தாலும் சட்டப்படி அது தண்டனைதான். மின்சார ரயிலில் டிக்கெட் இல்லாமல் மாட்டி, பரிசோதகரிடமே பணம் கட்டி ரசீது வாங்கியது வேறு. குடித்துவிட்டு பைக் ஓட்டி கோர்ட்டில் கட்டியது வேறு. மத்திய அரசு வேலைக்கான படிவம் கைது, வழக்கு, கோர்ட் அபராதம், தண்டனை, பல்கலைக்கழக நீக்கம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்கும். எதைக் கேட்கிறார்கள் என்று வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள்.

சட்டம் படிக்கப் போகிறவர்களுக்கு இன்னொன்று. 2024 செப்டம்பரில் இந்திய பார் கவுன்சில் அனுப்பிய சுற்றறிக்கைப்படி, எஃப்.ஐ.ஆர்., வழக்கு, தண்டனை, ஏன், விடுதலையானதைக்கூட மாணவர்கள் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் கடைசி மதிப்பெண் பட்டியலும் பட்டமும் நிறுத்தப்படலாம். மூணு வருஷம் படித்த பிறகு!

மறைத்தவர்களின் கதை உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2011-ல் சந்தீப் குமார் வழக்கு. டெல்லி போலீஸ் வேலைக்கு விண்ணப்பித்தவர், சமரசமாக முடிந்த ஒரு பழைய அடிதடி வழக்கை விண்ணப்பத்தில் சொல்லவில்லை. இளவயதுத் தவறை மன்னிக்கலாம் என்று நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டிய பழைய வழக்கு ஒன்று நமக்குப் பிடிக்கும்: 1970-ல் வெல்ஷ் மொழிக்காக லண்டன் நீதிமன்றத்துக்குள் புகுந்து கலாட்டா செய்து சிறைக்குப் போன மாணவர்கள். மேல்முறையீட்டில் அவர்களை விடுவித்தார்கள்.

அதை நம்பி மறைத்துவிடாதீர்கள். 2016-ல் அவதார் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு விதிகளை வகுத்தது. இளவயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப விஷயத்தை மறைத்திருந்தால் வேலை தருபவர் மன்னிக்க‘லாம்’. அது அவர் விருப்பம், உங்கள் உரிமை இல்லை. உண்மையைச் சொன்னாலும் வேலை தந்தே ஆகவேண்டும் என்று கட்டாயமில்லை, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு காவல்துறைத் தேர்வு இன்னும் கறார்: சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரையும் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே விதி பார்க்கிறது. ஆனால் அதே 2016 தீர்ப்பு நமக்குச் சாதகமாகவும் ஒன்று சொல்கிறது. படிவத்தில் கேள்வி தெளிவாக இருக்க வேண்டும். கேட்காததைச் சொல்லவில்லை என்பது மறைத்தது ஆகாது.

18 வயதுக்கு முன் நடந்ததா? 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 24-வது பிரிவைப் படியுங்கள். சிறாராக விசாரிக்கப்பட்டு முடிந்த விஷயம் பின்னாளில் தகுதியிழப்பு ஆகாது. பெரியவராக விசாரிக்கப்பட்ட 16 வயதுக்கு மேற்பட்டோருக்கு மட்டும் இது பொருந்தாது.

எம்.எஸ். போகிறவர்களே, அமெரிக்க விசா படிவம் கைதானதையே கேட்கும். தண்டனை இல்லை என்பதால் ‘இல்லை’ போட முடியாது.

நண்பன் மறுநாளே பூந்தமல்லி போய் உத்தரவின் சான்றிட்ட நகலுக்கு மனு போட்டான். படிவத்தில் ‘ஆம்’ போட்டு, கீழே தேதி, வழக்கு எண், அபராதம், “அதன் பின் எந்த வழக்கும் இல்லை” என்று நாலே வரி. அழுகாச்சி விளக்கம் எதுவும் வேண்டாம்னு நான்தான் சொன்னேன். அப்பாவிடம் எப்போ சொல்றதுன்னுதான் இப்போ யோசிச்சிட்டு இருக்கான்.