கொடிக்கு உரிய இடம்

நுழையும்முன்

திருவனந்தபுரம் கேரளத்தின் தலைநகரம். முன்புறத்தில் சிறிய மூவண்ணக்கொடி பறக்க, அமைச்சர்களின் மகிழுந்துகள் தலைமைச் செயலகத்துக்குச் செல்வதை இந்நகர மாணவர் பலர் கண்டிருப்பர். விடுதலை நாளன்று தம் வீட்டு மோட்டார் சைக்கிளிலும் அவ்வாறு கொடி கட்டலாமா என்னும் ஐயம் அவர்களுக்கு எழக்கூடும். அதற்கு இப்பாடம் விடை கூறுகிறது.

பழைய மரபு

சேரர்க்கு வில், சோழர்க்குப் புலி, பாண்டியர்க்கு மீன் என மூவேந்தரும் தனித்தனிக் கொடி கொண்டிருந்தனர். அவர்தம் தேர்களிலும் கொடிகள் பறந்தன. கொடி, கொடிமரம் ஆகிய சொற்கள் மலையாளத்திலும் வழங்குகின்றன. பத்மநாபசுவாமி கோயிலில் பங்குனி, ஐப்பசித் திருவிழாக்கள் கொடியேற்றத்துடன் தொடங்குகின்றன.

கொடி காத்த குமரன்

1932ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் திருப்பூரில் விடுதலைப் போராட்ட ஊர்வலம் ஒன்று நடைபெற்றது. கையில் கொடியேந்திச் சென்ற குமரன் காவலரின் தடியடிக்கு உள்ளானார். நினைவிழந்து வீழ்ந்தபோதும் அவர் கொடியை விடவில்லை. அக்காயங்களால் உயிர் துறந்த அவரை மக்கள் ‘கொடி காத்த குமரன்’ எனப் போற்றுகின்றனர்.

விதிகள் கூறுவன

இந்தியக் கொடி விதிமுறைகள் 2002 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ளன. அவற்றின்படி குடிமக்கள் அனைவரும் ஆண்டு முழுவதும் தேசியக் கொடியை உரிய மதிப்புடன் ஏற்றலாம். மதிப்புடன் கொடியேற்றுவது குடிமகனின் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2004இல் தீர்ப்பளித்தது. 2022 ஜூலையில் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பின் வீடுகளில் இரவிலும் கொடி பறக்கலாம்.

வண்டிகளுக்கான விதி வேறு. குடியரசுத் தலைவர், ஆளுநர், பிரதமர், முதலமைச்சர், அமைச்சர், உயர்நீதிமன்ற நீதிபதி முதலியோரின் மகிழுந்துகளுக்கே கொடியுரிமை உண்டு. அக்கொடியின் அளவு 225 × 150 மில்லிமீட்டர். அது முன்மூடியின் நடுவிலோ முன்புற வலப்பக்கத்திலோ கம்பில் உறுதியாகப் பொருத்தப்படும். பிற வண்டிகளில் கொடியைப் பறக்கவிடலாகாது. எனவே மோட்டார் சைக்கிளில் கொடி கட்டுவது விதிக்கு மாறானது. வண்டியின் மேலோ பக்கங்களிலோ பின்புறத்திலோ கொடியைப் போர்த்துவதும் அவமதிப்பாகும். 1971ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம் கொடியை அவமதிப்போர்க்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க இடந்தருகிறது.

காரணம் என்ன?

விரைந்து செல்லும் வண்டியில் காற்று கொடியின் ஓரத்தைக் கிழிக்கும், மழை நனைக்கும், சேறு தெறிக்கும். கட்டு தளர்ந்தால் கொடி சாலையில் விழும். பின்வரும் சக்கரங்கள் அதன்மேல் ஏறும். குமரன் உயிர் கொடுத்துக் காத்த மதிப்பு, கட்டியவர் அறியாமலே மண்ணில் மிதிபடும். கொடியின்மேல் கொண்ட அன்பாலேயே பலர் அதனை வண்டியில் கட்டுகின்றனர். ஆயினும் அந்த அன்பு முழுமை பெறுவது கொடியைப் பேணுவதில்தான்.

வீட்டில் காவி நிறம் மேலிருக்கக் கொடியை ஏற்றலாம். விழாவில் காகிதக் கொடியைக் கையில் ஏந்தி அசைக்கலாம். விழா முடிந்ததும் அதனைத் தரையில் எறிதல் கூடாது. கிழிந்த கொடியைத் தனியிடத்தில் முழுமையாக எரித்தோ வேறு தக்க முறையிலோ மதிப்புடன் அகற்றவேண்டும்.

அருஞ்சொற்பொருள்

ஐயம் – சந்தேகம்
மகிழுந்து – கார்
முன்மூடி – காரின் முன்புற இயந்திர மூடி
பேணுதல் – போற்றிக் காத்தல்

பயிற்சி

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. சேரரின் கொடியில் இடம்பெற்றது ________.
2. மகிழுந்தில் பறக்கும் கொடியின் அளவு ________.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. குமரன் ‘கொடி காத்த குமரன்’ எனப் போற்றப்படுவது ஏன்?
2. வண்டியில் கொடியைப் பறக்கவிடும் உரிமை யாருக்கு உண்டு?

இ. சிந்தித்து எழுதுக.
மோட்டார் சைக்கிளில் கொடி கட்ட விரும்பும் அண்ணனுக்குத் தங்கை எவ்வாறு விளக்குவாள்? உரையாடலாக எழுதுக.

ஈ. செயல்பாடு
விடுதலை நாள் விழா முடிந்தபின் பள்ளி வளாகத்தில் விழுந்து கிடக்கும் காகிதக் கொடிகளைச் சேகரித்து ஆசிரியரிடம் ஒப்படைக்க.