உச்சியும் மீட்சியும்

தருமபுரியின் பழம்பெயர் தகடூர். சங்க காலத்தில் அவ்வூரைத் தலைநகராகக் கொண்டு ஆண்டவன் அதியமான் நெடுமான் அஞ்சி. உண்டாரை நெடுங்காலம் வாழ்விக்கும் என்று கருதப்பட்ட நெல்லிக்கனி ஒன்று அவனுக்குக் கிட்டியது. அக்கனி ஏறுதற்கரிய பெருமலையின் பிளவிடையே விளைந்தது. அதனை அவன் தான் உண்ணாமல், அதன் பயனையும் எடுத்துரையாமல், ஔவையாருக்கு ஈந்தான். இச்செய்தியைப் புறநானூற்றால் அறிகிறோம்.

அதியமானின் கொடையைப் போற்றாதார் இலர். ஆயினும், அக்கனி மலையினின்றும் கீழே வந்து சேர்ந்தமையை எண்ணிப் பார்ப்போர் சிலரே. மலைமேற் பெற்ற பொருள் எத்துணை அரியதாயினும், பெற்றவர் நலமாக இறங்கி மீண்டால்தான் அது பிறர்க்குப் பயன்படும். இவ்வுண்மை, உலகின் மிக உயர்ந்த சிகரத்தை நாடிச் சென்ற குழுக்களின் வரலாற்றில் தெளிவாக விளங்குகின்றது.

வழியறிந்தார் துணை

தருமபுரி மாவட்டம் மலைவளம் மிக்கது. அரூர்ப் பகுதியில் தீர்த்தமலையும் சித்தேரி மலையும் உள்ளன. தருமபுரி நகருக்கு அணித்தாக வத்தல்மலை உள்ளது. சித்தேரியிலும் வத்தல்மலையிலும் மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். சமவெளியில் வாழ்வார் ஒருவர் அம்மலைகளின் காட்டுவழியே செல்ல நேர்ந்தால், அம்மக்களுள் ஒருவரைத் துணைக்கொள்வதே அறிவுடைமை. சுனை எங்கே உளது, எந்தப் பாறை வழுக்கும், எப்பொழுது இறங்கத் தொடங்கினால் இருட்டுமுன் ஊர் சேரலாம் என்பவற்றையெல்லாம் அவர் நன்கறிவார். சிறு மலைக்கே இத்தகைய துணை வேண்டுமாயின், இமயத்திற்கு வேண்டும் என்று சொல்லவும் வேண்டுமோ?

இமயம் தமிழர்க்குப் புதிதன்று. கண்ணகிக்குப் படிமம் அமைக்கச் சேரன் செங்குட்டுவன் அங்கிருந்து கல் கொணர்ந்தான் என்று சிலப்பதிகாரம் கூறுகின்றது. பிற்காலத்தில் இமயச் சிகரங்களின் உயரத்தைக் கணித்த பெரும் நிலவளவைப் பணியும் தமிழ் மண்ணிலேயே தொடங்கிற்று. 1802 ஆம் ஆண்டில் வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலேயர், சென்னையைச் சார்ந்த பரங்கிமலைக்கு அருகே அதன் முதல் அடிக்கோட்டை அளந்தார். வடக்கு நோக்கிப் பல்லாண்டு நடந்த அவ்வளவையின் பயனாக, உலகின் மிக உயர்ந்த சிகரம் எது என்பது 1856 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அதற்கு எவரெஸ்ட் என்று பெயர் சூட்டினர். நேபாள மக்கள் அதனைச் சாகர்மாதா என்பர். திபெத்தியர் சோமோலுங்மா என்பர். 2020 ஆம் ஆண்டில் நேபாளமும் சீனமும் ஒருங்கே வெளியிட்ட கணக்கின்படி அதன் உயரம் 8,848.86 மீட்டர்.

அவ்வுயரத்தை நாடுவோர்க்கு வழித்துணையாக வாய்த்தவர் ஷெர்ப்பாக்கள். நேபாளத்தின் கும்பு பள்ளத்தாக்கிலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் வாழும் மலைமக்கள் அவர்கள். பிறர் ஏறுமுன் சென்று வழி காண்பதும், பனிச்சரிவிற் கயிறு கட்டுவதும், கூடாரமும் உணவும் பிராணவாயுக் கலன்களும் சுமந்து செல்வதும் அவர்தம் தொழில். எவரெஸ்டில் முதன்முதல் கால் வைத்த இருவருள் ஒருவர், சுமைகூலியாகத் தம் வாழ்வைத் தொடங்கிய டென்சிங் நார்கே. 1935 ஆம் ஆண்டில் அவர் முதன்முறையாக ஒரு குழுவிற் சுமை தூக்கிச் சென்றார். 1952 ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டவரான இலாம்பெர்ட் என்பவருடன் ஏறத்தாழ 8,600 மீட்டர் வரை ஏறி, மேற்செல்ல இயலாமல் மீண்டார். அடுத்த ஆண்டு மே 29 ஆம் நாள் எட்மண்டு ஹில்லரியுடன் உச்சியை எய்தினார்.

அவ்வெற்றிக்கு மூன்று நாள் முன்னர் நிகழ்ந்ததையும் அறிதல் நன்று. அதே குழுவைச் சேர்ந்த பூர்டில்லன், ஈவன்சு என்னும் இருவர் உச்சிக்கு ஏறத்தாழ 100 மீட்டர் கீழே வரை சென்றனர். அதற்கு முன் அவ்வளவு உயரம் எவரும் ஏறியதாகத் தெரியவில்லை. ஆனால், பொழுது கழிந்திருந்தது, பிராணவாயுவும் குறைந்திருந்தது. மேலே சென்றால் மீள்வது அரிது என்று கண்டு அவர்கள் திரும்பினர். அவர்கள் கண்டறிந்து வந்த வழியிலேயே மற்ற இருவரும் ஏறினர்.

குழுவிற் சேர்தல்

இக்காலத்தில் வழிகாட்டிகளை அமர்த்திப் பலரையும் அழைத்துச் செல்லும் குழுக்கள் உள்ளன. பொருள் செலுத்தி அவற்றிற் சேரலாம். நேபாள வழியாக வேனிற்பருவத்தில் ஏறும் பிற நாட்டார், அரசின் உரிமத்திற்கு மட்டும் 15,000 அமெரிக்க டாலர் செலுத்த வேண்டும் என்பது 2025 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ள விதி. வழிகாட்டி, உணவு, கருவிகள் ஆகியவற்றிற்கு ஆகும் செலவு வேறு. ஆயினும், பொருள் கொடுத்து வழித்துணையைப் பெறலாமேயன்றி உடல்வலிமையையும் பழக்கத்தையும் பெறல் இயலாது.

ஆகவே, குழுவிற் சேர விரும்புவார் முதலில் தம் ஊர்க் குன்றுகளில் ஏறி இறங்கிப் பழகுதல் வேண்டும். பின்னர் மலையேற்றப் பள்ளியிற் பயிலுதல் வேண்டும். டார்ஜிலிங்கில் 1954 ஆம் ஆண்டிலும் உத்தரகாசியில் 1965 ஆம் ஆண்டிலும் அத்தகைய பள்ளிகள் நிறுவப்பட்டன. டார்ஜிலிங் பள்ளியிற் களப்பயிற்சிக்குத் தலைவராக விளங்கியவர் டென்சிங்கே ஆவார். கயிறு பிடித்து ஏறுதல், காலணியில் இரும்பு முட்களைப் பூட்டிப் பனியில் நடத்தல், வழுக்கி வீழும்போது பனிக்கோடரியை ஊன்றித் தன்னைத் தடுத்து நிறுத்தல் முதலியன அங்குக் கற்பிக்கப்படும். அதன்பின் சிறிய சிகரங்களில் ஏறித் தேர்ந்து, படிப்படியாகவே பெருஞ்சிகரத்தை நாடுதல் முறை.

எவரெஸ்டின் அடிவார முகாம் 5,300 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. அதற்கு மேல் நான்கு முகாம்கள் அமைப்பர். முதல் முகாமுக்குச் செல்லும் வழியில் கும்பு பனிவீழ்ச்சி என்னும் கொடிய பகுதி உண்டு. வீடளவு பருத்த பனிப்பாளங்கள் அங்கே ஓயாது நகர்ந்தும் சரிந்தும் கொண்டிருக்கும். பாளங்களுக்கிடையே உள்ள பிளவுகளின்மேல் உலோக ஏணிகளைக் கிடத்தி, அவற்றின்மீது நடந்து கடப்பர். நான்காம் முகாம் ஏறத்தாழ 7,900 மீட்டர் உயரத்தில், தெற்குக் கணவாயில் உள்ளது.

இவ்வழியை ஒரே மூச்சிற் கடத்தல் ஆகாது. உயரம் மிக மிகக் காற்றழுத்தம் குறையும். எவரெஸ்டின் உச்சியில் அது கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றிலொரு பங்கே. எனவே, மூச்சொன்றிற்குக் கிட்டும் பிராணவாயுவும் மூன்றிலொரு பங்காகிறது. இக்குறையை ஈடுசெய்ய உடல் செந்நிற அணுக்களைப் பெருக்கிக்கொள்ளும். அதற்குப் பல நாள் வேண்டும். ஆதலால், பகலில் மேல்முகாம் வரை ஏறி, இரவிற் கீழ்முகாமுக்கு இறங்கி உறங்குவர். இவ்வாறு பன்முறை ஏறி இறங்கியபின்னரே உச்சியை நோக்கிப் புறப்படுவர். விரைந்து ஏறுவோர்க்கு மூளையில் வீக்கமும் நுரையீரலில் நீர்த்தேக்கமும் உண்டாகும். அந்நோய்க்குத் தலையான மருத்துவம் உடனே கீழிறங்குதலே.

தலைவர் சொல்

8,000 மீட்டருக்கு மேல் அறிவும் மங்கும். களைப்புற்றவர் தம் களைப்பை உணரார். பொழுது போவதும் அறியார். உச்சி கண்ணெதிரே தோன்றும்போது திரும்ப மனம் வாராது. பெரும்பொருள் செலவிட்டு, ஊரார் வாழ்த்துப் பெற்று வந்தவர்க்கு அது பின்னும் அரிது. ஆதலின், அறிவு தெளிவாக உள்ள அடிவாரத்திலேயே திரும்பும் நேரத்தைக் குறித்துக்கொள்வர். பிற்பகல் ஒரு மணி அல்லது இரண்டு மணிக்குள் உச்சியை எய்தாதவர், எந்த இடத்தில் நின்றாலும் திரும்பிவிட வேண்டும் என்பது பொதுவான கட்டுப்பாடு. ‘திரும்புக’ என்று வழிகாட்டி சொன்னால் மறுத்துரையாது இறங்குதலே குழுவிற் சேர்ந்தவரின் முதற்கடமை.

இக்கட்டுப்பாடு தளர்ந்தால் நேரும் துயரத்திற்கு 1996 ஆம் ஆண்டு மே 10, 11 ஆம் நாட்களின் நிகழ்ச்சி சான்றாகும். அன்று பலர் குறித்த நேரம் கடந்த பின்னும் ஏறிக்கொண்டிருந்தனர். மாலையிற் பனிப்புயல் சூழ்ந்தது. எண்மர் உயிரிழந்தனர். அவருள் இருவர் குழுக்களை நடத்திச் சென்ற தேர்ந்த தலைவர்கள். மூவர் இந்தியத் திபெத்திய எல்லைக் காவற்படையினர். கொம்பின் நுனிவரை சென்றவன் அதனையும் கடந்து ஏற முற்பட்டால் உயிரே முடியும் என்று வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் உணர்த்தியது இத்தகையோரை நோக்கியே போலும்!

மும்முறை முயன்றோர்

திரும்புதல் தோல்வியாகாது என்பதை இந்தியக் குழுவினரின் வரலாறு காட்டும். 1960 ஆம் ஆண்டில் பிரிகேடியர் ஞான்சிங் தலைமையில் இந்தியக் குழு ஒன்று எவரெஸ்டுக்குச் சென்றது. சோனம் கியாட்சோ, நவாங் கோம்பு, நரேந்திர குமார் என்னும் மூவர் உச்சிக்கு ஏறத்தாழ 700 அடி கீழே வரை ஏறினர். கடுங்காற்று வீசிற்று. அவர்கள் திரும்பினர். 1962 ஆம் ஆண்டில் மேஜர் ஜான் டயசு தலைமையில் இரண்டாம் குழு சென்றது. சோனம் கியாட்சோ, ஹரி டாங், கோலி என்னும் மூவர் உச்சிக்கு ஏறத்தாழ 400 அடி கீழே வரை ஏறினர். இம்முறையும் இயற்கை இடந்தரவில்லை. அவர்களும் திரும்பினர்.

நானூறு அடி என்பது ஊர்க்குன்றின் உயரத்திற்கும் குறைவு. நாட்டு மக்கள் அனைவரும் எதிர்நோக்கியிருந்த வெற்றியை அவ்வளவு அணித்தே கண்டும் விட்டு மீள்வதற்கு எத்துணை மனவுறுதி வேண்டும்! அவர்கள் அன்று பிடிவாதமாக ஏறியிருந்தால் மூன்றாம் குழுவில் இடம்பெற உயிரோடு இருந்திருப்பரோ என்பது ஐயமே.

1965 ஆம் ஆண்டில் கோலியே தலைமை தாங்கிய மூன்றாம் குழு புறப்பட்டது. மே 20 ஆம் நாள் அவதார்சிங் சீமாவும் நவாங் கோம்புவும் உச்சியை எய்தினர். கோம்பு 1963 ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழுவுடன் ஒருமுறை அங்கு ஏறியவர். ஆதலால், எவரெஸ்டில் இருமுறை ஏறிய முதல் மனிதர் என்னும் பெருமையும் அவர்க்குரியதாயிற்று. மே 22 ஆம் நாள் சோனம் வாங்யாலுடன் உச்சியை எய்தியவர், முன் இருமுறையும் திரும்பிய சோனம் கியாட்சோ! மே 29 ஆம் நாளுக்குள் ஒன்பதின்மர் ஏறி வெற்றி கண்டனர். அதே ஆண்டு அக்டோபர் 2 ஆம் நாள், சேலத்தினின்றும் பிரிந்து தருமபுரி தனி மாவட்டமாயிற்று. எனவே, அவ்வாண்டை நினைவிற் கொள்ளுதல் அம்மாவட்ட மாணவர்க்கு எளிது.

பின் வந்தோர்

1984 ஆம் ஆண்டில் பச்சேந்திரி பால், எவரெஸ்டில் ஏறிய முதல் இந்தியப் பெண்மணி ஆனார். 2014 ஆம் ஆண்டு மே 25 ஆம் நாள், தெலங்கானப் பகுதியின் அரசு உறைவிடப் பள்ளி மாணவி மாலாவத் பூர்ணா பதின்மூன்றாம் வயதில் அவ்வுச்சியை எய்தினார். அவர்தம் பெற்றோர் உழவுக் கூலிகள். முதலிற் போங்கீர் என்னுமிடத்துப் பாறையிலும், பின் டார்ஜிலிங்கிலும் பயின்று அவர் தேர்ச்சி பெற்றார். 2023 ஆம் ஆண்டு மே திங்களில், விருதுநகர் மாவட்டம் ஜோகில்பட்டியிற் பிறந்த முத்தமிழ்செல்வி, எவரெஸ்டில் ஏறிய முதல் தமிழ்நாட்டுப் பெண்மணி ஆனார். அவர் சென்னையிற் சப்பானிய மொழி பயிற்றும் ஆசிரியை. தமிழ்நாடு அரசும் நல்லோர் பலரும் அவர்க்குப் பொருளுதவி செய்தனர். அவ்வாண்டே கல்பனா சாவ்லா விருதும் அவருக்கு வழங்கப்பட்டது.

இவ்வெற்றிகளைப் பாராட்டும்போது, பெயர் வெளிப்படாத உழைப்பாளரை மறத்தல் ஆகாது. 2014 ஆம் ஆண்டு ஏப்ரல் 18 ஆம் நாள் கும்பு பனிவீழ்ச்சியின்மீது பெரும் பனிச்சரிவு விழுந்தது. பிறர் ஏறுதற்கு வேண்டும் பொருள்களைச் சுமந்து சென்ற நேபாளத் தொழிலாளர் பதினறுவர் மாண்டனர். அவருள் பெரும்பாலோர் ஷெர்ப்பாக்கள். உச்சியில் நின்று எடுத்த படம் ஒருவரைக் காட்டும். அவர் அங்கு நிற்பதற்குத் தோள் கொடுத்தோர் பலர். தம் வழிகாட்டியின் உயிரையும் தம் உயிர்போல் எண்ணுவோரே குழுவிற் சேரத் தகுதியுடையோர்.

நன்கு பயிலுதல், வழியறிந்தார் சொற்கேட்டல், வேண்டும்போது திரும்புதல், துணைநின்றாரை மறவாமை ஆகிய நான்கும் மலையேறுவார்க்குரிய பண்புகள். இவற்றை இமயம் சென்றுதான் கற்க வேண்டும் என்பதில்லை. தீர்த்தமலைப் படிகளிலும் வத்தல்மலை வழியிலும் கற்கலாம். தகடூர் மன்னனுக்கு வாய்த்த கனி மலைப்பிளவிலேயே நின்றிருந்தால் எவர்க்குப் பயன்பட்டிருக்கும்? அது கீழே வந்தது. ஔவையாரின் கையை அடைந்தது. ஆதலால் இன்றும் பேசப்படுகின்றது. உச்சி என்பது பாதி வழியே. எஞ்சிய பாதி, மீண்டு வந்து வீடு சேர்தல்.

பயிற்சி வினாக்கள்

1. அதியமான் பெற்ற நெல்லிக்கனியின் செய்தி இப்பாடத்தின் கருத்தை எவ்வாறு விளக்குகின்றது?
2. மலையேறுவோர் பன்முறை ஏறி இறங்கிய பின்னரே உச்சியை நாடுவது ஏன்?
3. திரும்பும் நேரத்தை அடிவாரத்திலேயே குறித்துக்கொள்வதன் காரணம் யாது?
4. ‘திரும்புதல் தோல்வியாகாது’ என்பதைச் சோனம் கியாட்சோவின் வரலாறு கொண்டு நிறுவுக.
5. நும் ஊருக்கு அணித்தாக உள்ள ஒரு குன்றின்மீது ஏறி இறங்கிய பட்டறிவைப் பத்து வரிகளில் எழுதுக.