நியாயமாக நடத்தினால் கட்டுபடியாகுமா?

தொழில் கேள்வி-பதில்

கேள்வி: பத்து வருஷம் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். போன வருஷம் சொந்தமாக 8 மெஷின் போட்டுக் குழந்தைகள் டீ ஷர்ட் தைக்க ஆரம்பித்திருக்கிறேன். 14 பேர் வேலை செய்கிறார்கள். யார் வயிற்றிலும் அடிக்காமல், தண்ணீரைக் கெடுக்காமல் தொழில் செய்ய ஆசை. ஆனால் மொத்த வியாபாரிகள் பீஸுக்கு 110 ரூபாய்க்கு மேல் பேசவே மாட்டேன் என்கிறார்கள். இப்போது சாயம் போடும் இடத்தைவிடக் கிலோவுக்கு 20 ரூபாய் குறைத்துப் போட்டுத் தர ஒருவர் தயாராக இருக்கிறார். "பில் மட்டும் கேட்காதீங்க" என்கிறார். என் வீட்டுக்காரரோ, "நாம ஒருத்தர் யோக்கியமா இருந்தா நொய்யல் ஆறு சுத்தமாயிடுமா?" என்று கேட்கிறார். என்ன செய்யட்டும்?
(வாசகி, பெருமாநல்லூர்)

பதில்: முதலில் அந்த 20 ரூபாயைப் பீஸ் கணக்குக்குக் கொண்டுவந்து பாருங்கள். குழந்தைகள் டீ ஷர்ட் ஒன்றுக்குக் கட்டிங் வேஸ்ட்டும் சேர்த்து 150 கிராம் துணி பிடிக்கும் என்று வைப்போம். கிலோவுக்கு 20 என்றால் பீஸுக்கு 3 ரூபாய். அந்த மனிதர் உங்களுக்கு மிச்சம் பிடித்துத் தருவது அவ்வளவுதான். அந்த 3 ரூபாய் எங்கிருந்து வருகிறது என்பதை இனிப் பார்க்கலாம்.

பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏறவேண்டுமென்றால் உப்பு போட்டே ஆகவேண்டும். சாயத்தைத் துணியின் பக்கம் தள்ளுவது உப்புதான். அடர்ந்த நிறங்களுக்குச் சாயத் தண்ணீரில் லிட்டருக்கு 80 கிராம் வரைகூடப் போடுவார்கள். துணியில் சாயம் தங்கும், உப்பு தங்காது. போட்டது அத்தனையும் கழிவுத் தண்ணீரோடு வெளியே வந்துவிடும். நிறத்தை எடுப்பது எளிது, சுண்ணாம்பும் ரசாயனமும் போட்டால் தண்ணீர் தெளிந்துவிடும். கரைந்த உப்பு அப்படிப் போகாது. அதை ஆர்.ஓ.வில் வடிகட்டி, மிஞ்சியதை எவாப்பரேட்டரில் கொதிக்கவைத்துத்தான் பிரிக்கவேண்டும். அதற்கு மின்சாரம், நீராவி, ஆள் எல்லாம் வேண்டும். முறையான சாயப்பட்டறை உங்களிடம் வாங்கும் கூலியில் இந்தச் செலவும் இருக்கிறது. பில் இல்லாதவர் கழிப்பது இந்தச் செலவைத்தான். உங்கள் துணியின் உப்பை அவர் ராத்திரியில் ஓடையிலோ குழியிலோ விட்டுவிட்டு, அதில் மிச்சமாகும் காசில் கொஞ்சம் உங்களுக்குத் தருகிறார்.

அந்த உப்பு எங்கே போய்ச் சேரும் என்று பார்க்க நீங்கள் வெகுதூரம் போகவேண்டியதில்லை. நொய்யலில் பாசனத்துக்காகக் கட்டி, 1990-களின் தொடக்கத்தில் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, சில வருஷங்களிலேயே சாயக் கழிவுக் குட்டையாகிவிட்டது. அணை வேண்டும் என்றிருந்த விவசாயிகளே, "இதில் தண்ணீரைத் தேக்காதீர்கள்" என்று கோர்ட்டுக்குப் போனார்கள். கிணற்றுத் தண்ணீர் உப்பேறியது, காடு விளையவில்லை, மாடு அந்தத் தண்ணீரைக் குடிக்கவில்லை. அந்த வருஷங்களில் நான் பனியன் கம்பெனிகளுக்குக் காஸ்டிங் போட்டுக்கொண்டிருந்தேன். சாயக் கூலி என்ற வரியில் எவ்வளவு குறைக்கமுடியும் என்று பார்த்துப் பார்த்து எழுதிய கை இது. குறைத்த காசை யார் கொடுத்தார்கள் என்று அன்று நான் கேட்கவில்லை. அணைக்குக் கீழே இருந்த சம்சாரிகள்தான் கொடுத்தார்கள்.

உங்கள் வீட்டுக்காரரின் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. ஒருவர் யோக்கியமாக இருந்தால் நொய்யல் சுத்தமாகாது, உண்மை. ஆனால் ஒருவர் தப்பு செய்தால் அது அவரோடு நிற்பதும் இல்லை. கழிவை ஒரு சொட்டுகூட வெளியே விடக்கூடாது என்ற உத்தரவு நிறைவேறவில்லை என்று, 2011 ஜனவரி இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. கோடிக்கணக்கில் கடன் வாங்கிச் சுத்திகரிப்புக்குச் செலவழித்தவரும் மூடினார், குழாயை ஆற்றுக்குள் விட்டவரும் மூடினார். துணிக்குச் சாயம் போட ஊர் ஊராக லாரி அனுப்பினார்கள். தைக்கத் துணி இல்லாமல் தையல்காரர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சீரானபிறகுதான் ஊர் மூச்சுவிட்டது. இன்று அந்த நிலையங்கள் கழிவுத் தண்ணீரில் 90 சதவீதத்துக்கு மேல் மீட்டுத் திரும்பச் சாயத்துக்கே அனுப்புகின்றன. பிரிக்கமுடியாத கலப்பு உப்பை என்ன செய்வது என்ற சிக்கல் இன்னும் தீரவில்லை. ஆனாலும் ஆற்றில் விடுவதற்கும் கொட்டகையில் அடுக்கிவைப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பில் இல்லாமல் போடுபவருக்கு நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு ரோலும், ஒழுங்காகச் செலவு செய்பவரின் வேலையைப் பறிக்கிறது. அவர் எத்தனை நாள் தாங்குவார்?

இப்போது சாயம் போடுபவர் சரியானவரா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கன்சென்ட் நகலைக் கேளுங்கள். அதில் தேதி முடிந்திருக்கிறதா, ஒரு நாளைக்கு எவ்வளவு கழிவுக்கு அனுமதி என்று படியுங்கள். எந்தப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் உறுப்பினர், மாதாமாதம் எவ்வளவு கழிவு அனுப்பினார் என்ற பில்லைக் கேளுங்கள். அனுப்பிய கழிவு ரொம்பக் குறைவாகவும் போட்ட துணி ரொம்ப அதிகமாகவும் இருந்தால் மிச்சக் கழிவு எங்கே போனது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நல்ல பட்டறைக்காரர் இதற்குக் கோபப்படமாட்டார். கேட்க ஒரு ஆள் வந்ததே என்று டீ வாங்கிக் கொடுப்பார்.

இன்னொரு வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. கலர் கார்டு. கருப்பு, நேவி, அடர் சிவப்புக்கு உப்பும் அதிகம், அலசும் தண்ணீரும் அதிகம், கூலியும் அதிகம். வெள்ளை, வெளிர் மஞ்சள், வெளிர் பச்சைக்கு எல்லாம் குறைவு. கைக்குழந்தை உடுப்புக்கு வெளிர் நிறம் எடுபடும். உங்கள் பத்து நிறத்தில் நான்கை மாற்றினாலே சாயக் கூலி எவ்வளவு இறங்குகிறது என்று உங்கள் பட்டறைக்காரரிடம் ரேட் கேட்டுப் பாருங்கள். அந்த 3 ரூபாயில் ஒரு பங்கு அங்கேயே கிடைத்துவிடும்.

110 ரூபாய் விஷயத்துக்கு வருகிறேன். அந்த விலைக்கு நூல், சாயம், தையல், நியாயமான சம்பளம் எல்லாம் போட்டுக் காஸ்டிங் நிற்கவில்லை என்றால், அந்த ஆர்டர் உங்களுக்கு உரியது இல்லை. இதைச் சொல்வது எளிது, மெஷின் சும்மா நிற்கும்போது செய்வது கஷ்டம் என்று எனக்கும் தெரியும். அதனால் ஒரேயடியாக மொத்த வியாபாரியை விடச் சொல்லமாட்டேன். வாரத்துக்கு ஒரு நாள் உற்பத்தியை மட்டும் உங்கள் பெயரில் நேராக விற்கப் பாருங்கள். உள்ளூர்க் குழந்தைகள் மருத்துவமனைப் பக்கத்துக் கடை, பள்ளி, தெரிந்த தாய்மார்கள், வாட்ஸ்அப். 110-க்குக் கொடுப்பது கடையில் என்ன விலைக்குப் போகிறது என்று உங்களுக்கே தெரியும். அந்த இடைவெளியில் பாதி உங்கள் கைக்கு வந்தாலே சாயக் கூலி ஒரு பேச்சாக இருக்காது. மொத்த வியாபாரியிடம் காஸ்டிங் தாளை மறைக்காமல் விரித்துக் காட்டுங்கள். "இதில் எந்த வரியை அடிக்கட்டும், நீங்களே சொல்லுங்க" என்று பேனாவைக் கொடுங்கள். அடிக்கிறவர்களும் உண்டு. கொஞ்சம் யோசித்து 4 ரூபாய் ஏற்றிக் கொடுத்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: எங்களிடம் 16 பேர். ஈ.எஸ்.ஐ., பி.எஃப். பிடிக்கலாம் என்றால் தையல்காரர்களே வேண்டாம் என்கிறார்கள். "சனிக்கிழமை முழுசா கையில கொடுங்க, இல்லாட்டி வேற கம்பெனி போறோம்" என்கிறார்கள். அவர்களே கேட்கும்போது கொடுப்பது எப்படித் தப்பாகும்?
(வாசகர், அவிநாசி)

பதில்: 10 பேர் ஆனாலே ஈ.எஸ்.ஐ. கட்டாயம். மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவர்கள் அதற்குள் வருவார்கள். பீஸ் ரேட்டில் தைப்பவரும், காண்ட்ராக்டர் கூட்டிவந்தவரும் கணக்கில் சேர்த்திதான். "அவர் காண்ட்ராக்டர் ஆள்" என்று கைகழுவ முடியாது. பி.எஃப். 20 பேரில்தான் கட்டாயம். 16 பேர் இருக்கும்போது நீங்களாக விரும்பிச் சேரலாம், அதைத் தொழிலாளர்களோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.

அவர்கள் வேண்டாம் என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. வாடகை, சீட்டு, ஊருக்கு அனுப்பவேண்டிய பணம் எல்லாம் சனிக்கிழமைச் சம்பளத்தை எதிர்பார்த்து நிற்கின்றன. பல பேருக்குப் பழைய கம்பெனியில் பிடித்த பி.எஃப். பணம், பெயரில் எழுத்துப் பிழை, ஆதார் பொருந்தவில்லை என்று கடைசிவரை கைக்கு வரவே இல்லை. அந்தக் கசப்பு உங்களிடம் பேசுகிறது. அதனால் சட்டத்தைக் காட்டி மிரட்டாதீர்கள். எண்ணைச் சொல்லுங்கள்.

வாரம் 4,000 ரூபாய் வாங்குகிறவரிடம் ஈ.எஸ்.ஐ.க்குப் பிடிப்பது 0.75 சதவீதம், 30 ரூபாய். நீங்கள் போடுவது 3.25 சதவீதம், 130 ரூபாய். அந்த 30 ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது என்று தமிழில் ஒரு தாளில் எழுதி, பஞ்சிங் மெஷின் பக்கத்தில் ஒட்டுங்கள். வேலையில் அடிபட்டால் குணமாகும்வரை சம்பளத்தில் 90 சதவீதம். வீட்டிலிருந்து வேலைக்கு வண்டியில் வரும்போதோ திரும்பும்போதோ நடக்கும் விபத்தும் இதில் சேரும். இது நம் ஊரில் நிறையப் பேருக்குத் தெரியாது, இரவு ஷிப்ட் முடிந்து பெருந்துறை ரோட்டில் போகிறவர்களுக்கு இதைவிட முக்கியமான செய்தி இல்லை. குறிப்பிட்ட நாட்கள் சந்தா கட்டியிருந்தால் பிரசவத்துக்கு 26 வாரம் வரை முழுச் சம்பளம். வீட்டில் உள்ளவர்களுக்கும் வைத்தியம்.

சேர்க்கிற அன்றே ஆதார் அட்டையை வைத்துக்கொண்டு பெயரையும் பிறந்த தேதியையும் எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவர் என்றால் அவர் மொழி தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துச் செய்யுங்கள். இந்த அரைமணி நேர வேலையைச் செய்யாததால் எத்தனை பேரின் சேமிப்பு முடங்கிக் கிடக்கிறது என்று நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

முடிந்தால் பிடித்தத்தைத் தொடங்கும் வாரத்தில் பீஸ் ரேட்டையும் 30 ரூபாய்க்கு ஈடாகச் சற்று ஏற்றுங்கள். கையில் வாங்குவது குறையாவிட்டால் பேச்சு சுலபமாக முடியும்.

இதோடு ஒன்று. 10 பேர் வேலை செய்யும் இடத்தில், 2013 சட்டப்படி பாலியல் தொல்லைப் புகாருக்கு உள்ளகக் குழு இருக்கவேண்டும். தலைமை ஒரு பெண்ணாக இருக்கவேண்டும், வெளியாள் ஒருவரும் வேண்டும். பலர் போர்டு மட்டும் மாட்டுகிறார்கள். சூப்பர்வைசரைப் பற்றியே புகார் என்றால் யாரிடம் போவார்கள் என்பதை வேலை செய்யும் பெண்களிடமே கேட்டு வையுங்கள்.

கேள்வி: பெரிய கம்பெனிக்கு ஜாப் ஒர்க் செய்கிறேன். பணம் 120 நாள் ஆகிறது. கேட்டால் அடுத்த ஆர்டர் கிடைக்காது. இதில் நான் எப்படி நியாயமாக நடக்கமுடியும்?
(வாசகர், அனுப்பர்பாளையம்)

பதில்: உத்யம் பதிவு செய்த குறு, சிறு தொழில் என்றால், 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக்கூடாது. ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள். தாண்டினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி.

வழக்குக்குப் போனால் ஆர்டர் போய்விடும் என்ற பயம் உண்மையானது. அதனால் வருமான வரியிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள். 2023-24 கணக்கு ஆண்டிலிருந்து, குறு, சிறு தொழிலுக்கு உரிய கெடுவுக்குள் கொடுக்காத பணத்தை அந்த வருஷச் செலவாகக் காட்டமுடியாது, எந்த வருஷம் கொடுக்கிறார்களோ அந்த வருஷம்தான் கழிக்கமுடியும். பிப்ரவரி மாதமே உங்கள் உத்யம் சான்றிதழின் நகலோடு, பாக்கிப் பட்டியலை அவர்கள் கணக்குப் பிரிவுக்கு அனுப்பிவிடுங்கள். முதலாளியிடம் கேட்பதைவிட ஆடிட்டர் கண்ணில் படுவது சீக்கிரம் வேலை செய்யும்.

உங்களிடமும் ஒன்று கேட்கவேண்டும். பட்டன் கட்டுபவர், அயர்ன் அடிப்பவர், வீட்டில் உட்கார்ந்து நூல் வெட்டும் அம்மாக்கள் எத்தனை நாளாகக் காத்திருக்கிறார்கள்? மேலிருந்து வராததை நாம் கீழே தள்ளிவிடுகிறோம். கடைசியில் நிற்பவர் வட்டிக்கு வாங்கி அரிசி வாங்குகிறார். உங்கள் பணம் எப்போது வந்தாலும், அவர்களுடையது அந்த வாரமே என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு வேண்டிய மூலதனத்தைக் காஸ்டிங்கில் வட்டியோடு போடுங்கள். 120 நாள் பையருக்கு ஒரு ரேட், 30 நாள் பையருக்கு ஒரு ரேட் என்று எழுதிக் கொடுப்பதில் எந்தக் கூச்சமும் வேண்டாம்.

கேள்வி: எங்கள் பனியனில் 'இயற்கைக்கு உகந்தது', '100 சதவீதம் ஆர்கானிக்' என்று லேபிள் போடலாமா? நூல் வாங்கிய இடத்தில் ஆர்கானிக் என்றுதான் சொன்னார்கள்.
(வாசகர், ஈரோடு)

பதில்: வாய்ச்சொல்லை நம்பிப் போடாதீர்கள். 2020-இல் இந்திய ஆர்கானிக் பருத்தியிலேயே போலிச் சான்றிதழ் மோசடி பிடிபட்டது. சான்றிதழ் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆர்கானிக் துணிக்கான சர்வதேசச் சான்றான ஜி.ஓ.டி.எஸ். முத்திரையில் 'ஆர்கானிக்' என்று போட 95 சதவீதம் ஆர்கானிக் நார் வேண்டும், 'ஆர்கானிக் கொண்டு செய்தது' என்று போட 70 சதவீதம். சாயம், கழிவு நீர், தொழிலாளர் நிலை எல்லாம் அதில் வரும். நூல் மட்டும் சான்று பெற்றதாக இருந்து, சாயமும் தையலும் சான்று பெறாத இடத்தில் நடந்திருந்தால் அந்த முத்திரையை உடுப்பில் போடமுடியாது. ஓகோ-டெக்ஸ் 100 என்ற சான்று வேறு. தயாரான துணியில் உடம்புக்குக் கெடுதலான ரசாயனம் இருக்கிறதா என்று சோதிப்பது அது. பருத்தி எப்படி விளைந்தது என்று அது சொல்லாது.

ஆதாரம் இல்லாமல் 'இயற்கைக்கு உகந்தது' என்று எழுதுவதை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2024 வழிகாட்டு விதிகள் தடுக்கின்றன. பெரிய வார்த்தையை விடுங்கள். உங்களால் காட்டமுடிந்ததை மட்டும் எழுதுங்கள்: "துணி: 100 சதவீதம் பருத்தி. சாயம்: கழிவை வெளியே விடாத சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைந்த பட்டறை. தையல்: ஈரோடு. பை: துணி." உங்கள் பட்டறைக்காரரின் கன்சென்ட் நகலும் சுத்திகரிப்பு பில்லும் கோப்பில் இருக்கட்டும். யாராவது கேட்டால் எடுத்துக் காட்டவேண்டும்.