மல்லாந்து கிடக்கும் சிலந்தி

நுழையும்முன்

வளர்ப்புயிர் ஒன்று துன்புறுவதைக் கண்டால் ஓடிச்சென்று உதவுவது மனித இயல்பு. ஆனால், வளர்ப்பவர் கையைக் கட்டிக்கொண்டு விலகி நின்றால் மட்டுமே பிழைக்கும் உயிரும் உண்டு. டாரன்டுலா என்னும் பெருஞ்சிலந்தி தோலுரிக்கும் அந்தச் சில மணிநேரத்தைப் பற்றியது இப்பாடம்.

காலையில் கண்ணாடிப் பெட்டியை எட்டிப்பார்ப்பவர் திடுக்கிடுகிறார். நேற்றுவரை எட்டுக் கால்களையும் ஊன்றி நின்ற சிலந்தி இன்று மல்லாந்து கிடக்கிறது, அசைவே இல்லை. இறந்துவிட்டது என முடிவுகட்டிக் குப்பையில் எறிந்தவர்கள் உண்டு. தவறி விழுந்துவிட்டதே என இரங்கிக் குச்சியால் புரட்டி நிமிர்த்தியவர்களும் உண்டு. உண்மையில் அச்சிலந்தி இறக்கவும் இல்லை. தவறி விழவும் இல்லை. பழைய சட்டையைக் கழற்றுவதற்காகத் தானே படுத்திருக்கிறது.

மெக்சிகோவின் பசிபிக் கரையோரத்தைத் தாயகமாகக் கொண்ட செம்முழங்கால் டாரன்டுலா, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பலர் விரும்பி வளர்க்கும் சிலந்தியாகும். கால்மூட்டுகளில் செம்மஞ்சள் நிறம் பூண்ட இதன் பெண், இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. நாய் பூனைகளைக் காட்டிலும் நெடுநாள் உடனிருக்கும் இவ்வுயிரை ஒரு காலைப்பொழுதின் பதற்றத்தால் இழப்பது பேரிழப்பே.

சிலந்திக்கு உடலினுள் எலும்பில்லை. கைட்டின் என்னும் பொருள் செறிந்த புறச்சட்டகமே அதற்கு எலும்பும் தோலுமாக விளங்குகிறது. அச்சட்டகம் இறுகியபின் வளராது. ஆகவே உடல் பெருக வேண்டுமாயின் அதைக் களைந்தாக வேண்டும். இளஞ்சிலந்தி ஓராண்டில் பலமுறை தோலுரிக்கும். முதிர்ந்த பெண்ணோ ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை உரித்தாலே மிகுதி.

பாம்பு சட்டை உரிப்பதைத் தமிழர் நெடுங்காலமாகக் கண்டுவந்துள்ளனர். நுண்ணிய ஆடைக்குப் பாம்புரியை உவமையாக்கியிருக்கிறது பொருநராற்றுப்படை. பாம்பு உரிப்பது மேற்தோலை மட்டுமே. சிலந்தி உரிப்பதோ மேலுறையோடு நிற்பதன்று. நச்சுப்பற்களின் உறை, தொண்டையின் உட்பூச்சு, உணவை உறிஞ்சும் இரைப்பையின் உள்வரி, புத்தக நுரையீரல்களின் மெல்லிய படலம் ஆகிய அனைத்தும் அவ்வுரியோடு வெளியேறுகின்றன. உள்ளும் புறமும் ஒருசேரப் புதிதாகும் இந்நிகழ்வில் எங்கேனும் ஓரிடத்தில் பழைய உறை சிக்கிக்கொண்டாலும் உயிருக்கு இடர் நேரலாம்.

தோலுரிக்கும் நாள் நெருங்குவதைச் சில குறிகள் உணர்த்தும். சிலந்தி இரையைத் தொடாது, நிறம் மங்கும், நடமாட்டம் குறையும். வயிற்றின் மேற்புறத்தில் மயிர் உதிர்ந்த வழுக்கை இருப்பின் அது கறுத்துப் பளபளக்கும். உள்ளே உருவாகிவிட்ட புதிய மயிர்களே அக்கருமைக்குக் காரணம். வாரக்கணக்கில், ஏன், மாதக்கணக்கில்கூட இந்நோன்பு நீளலாம். அதைக் கண்டு அஞ்சி மீண்டும் மீண்டும் இரையிடுவதுதான் வளர்ப்போர் செய்யும் முதற்பிழை. உண்ணப்படாத சில்வண்டோ கரப்பானோ பெட்டியிலேயே தங்கிவிட்டால், உரித்தெழுந்து மென்மையாகக் கிடக்கும் சிலந்தியை அது கடித்துக் குதறிவிடும். வேட்டையாடும் உயிர் அவ்வேளையில் இரையாகிறது. ஆகவே, உயிருள்ள இரை அனைத்தையும் முன்னரே வெளியேற்றுவது கட்டாயம். ஆழமற்ற கிண்ணத்தில் நீர் இருக்கட்டும். தரையில் பரப்பிய தென்னைநார்க் கழிவின் ஒரு மூலையைச் சற்றே ஈரமாக்கலாம். சிலந்தியின் உடல்மேல் நீர் தெளிக்கலாகாது.

பின்னர்ச் சிலந்தி மெல்லிய பட்டிழை விரிப்பை நெய்து, அதன்மேல் மல்லாந்து படுக்கிறது. வயிற்றுப்பகுதியிலிருந்து குருதி முன்னோக்கித் தள்ளப்படுகிறது. அவ்வழுத்தத்தால் தலைமார்பின் மேலோடு பெட்டியின் மூடிபோல விளிம்பில் பிளந்து திறக்கிறது. பிறகு சிறிது சிறிதாக அசைந்து, கையுறையிலிருந்து விரல்களை உருவுவதுபோல எட்டுக் கால்களையும் அது உருவிக்கொள்கிறது. இளஞ்சிலந்திக்குச் சில நிமிடங்களில் முடியும் இவ்வேலை, பெருஞ்சிலந்திக்குப் பல மணிநேரம் எடுக்கும். இடையிடையே அசைவற்று ஓய்வதும் இயல்பே.

இப்பொழுதுதான் பார்ப்பவரின் பொறுமை சோதிக்கப்படுகிறது. கால் ஒன்று சிக்கியதுபோலத் தோன்றும். இடுக்கியால் மெல்ல இழுத்துவிட்டால் என்ன என்று கை துடிக்கும். இழுக்கலாகாது. புதிய தோல் அப்போது மிக மெல்லியது; சிறு கிழிசல் ஏற்பட்டாலும் உள்ளழுத்தத்தால் குருதி வெளியேறிச் சிலந்தி மாண்டுபோகும். சிக்கிய காலைச் சிலந்தி தானே கழித்துவிடவும் கூடும். இழந்த கால் அடுத்தடுத்த தோலுரிப்புகளில் மீண்டும் முளைக்கும். கால் போனால் மீளும். உடல் கிழிந்தால் மீளாது. பெட்டியை நகர்த்துவதும் தட்டுவதும் விளக்கை அருகில் பிடித்துப் படமெடுப்பதும்கூட வேண்டாதவையே.

அவ்வாறாயின், இறந்த சிலந்தியை எவ்வாறு அறிவது? சிலந்தி தன் கால்களைத் தசைகளால் மடக்குகிறது. முக்கியமான சில மூட்டுகளை நீட்டுவதற்குத் தசை இல்லை, குருதியின் அழுத்தமே அவற்றை நீட்டுகிறது. உயிர் நீங்கினால் அழுத்தம் தணியும். கால்கள் உடலுக்கு அடியில் சுருண்டுவிடும். நின்ற நிலையிலேயே கால்கள் சுருண்டு கிடப்பதே கவலைக்குரியது. மல்லாந்து கால் விரித்திருப்பதைத் தொடாமல் விடவேண்டும். ஐயம் நீங்காவிடில் ஓரிரு நாள் காத்திருந்து பார்ப்பதால் இழப்பொன்றும் இல்லை.

தெரிந்து தெளிவோம்

டாரன்டுலா என்னும் பெயர் இத்தாலியின் தாரன்தோ நகரால் அமைந்தது. அங்கு அப்பெயர் ஓநாய்ச் சிலந்தி ஒன்றையே குறித்தது. ஐரோப்பியர் அமெரிக்கக் கண்டத்தில் கண்ட மயிரடர்ந்த பெருஞ்சிலந்திகளுக்கும் அதனையே வழங்க, பெயர் அவற்றுக்கே நிலைத்துவிட்டது. செம்முழங்கால் டாரன்டுலாவின் பன்னாட்டு வணிகம் 1985 முதல் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. இந்தியாவிலும் இலங்கையிலும் மரப்பொந்துகளில் வாழும் போசிலோதீரியா பேரினத்துக்கு அக்கட்டுப்பாடு 2019இல் வந்தது.

உரித்தெழுந்த சிலந்தியின் நிறம் கண்ணைப் பறிக்கும். ஆயினும் அதன் நச்சுப்பற்கள் அப்போது வெண்மையாகவும் மென்மையாகவும் இருக்கும். பின்னர்ச் செந்நிறமாகி, இறுதியில் கறுத்து இறுகும். அதுவரை அதனால் இரையைக் கடிக்க இயலாது. பெரிய சிலந்திக்கு இரண்டு வாரமேனும் இரையிடாதிருத்தல் நன்று. பற்கள் கறுத்தனவா எனப் பார்த்தபின் சிறிய இரையிலிருந்து தொடங்கலாம். கையில் எடுத்துக் கொஞ்சும் ஆசை உடையோர் அதனையும் தள்ளிவைக்க வேண்டும். சிறு உயரத்திலிருந்து விழுந்தாலும் வயிறு பிளந்துவிடும்.

சிலந்தி விலகிச் சென்றபின், கிடக்கும் உரியை எடுக்கலாம். பார்வைக்கு அது மற்றொரு சிலந்தி போலவே இருக்கும். காய்ந்து நொறுங்கும் முன்னர் அதனை நீரில் நனைத்து விரித்து, வயிற்றுப்பகுதியின் உட்புறத்தை உருப்பெருக்கியால் நோக்குவர். பெண் சிலந்தியாயின் விந்தணுப் பையின் உள்வரியும் உரியோடு வந்திருக்கும். பெட்டியில் வளர்வது இன்னும் பல ஆண்டுகள் வாழும் பெண்ணா, பருவமெய்தியபின் சில காலமே வாழும் ஆணா என்பதை வளர்ப்பவர் அந்த உரியைக் கொண்டே அறிந்துகொள்கிறார்.