பேச்சுத்துணையும் முதியோரின் மூளை நலமும்

மூக்குக் கண்ணாடியை வைத்த இடம் மறந்துபோவது வயதானவர்கள் எல்லோருக்கும் நேர்வதே. ஆனால் அந்தக் கண்ணாடி எதற்குப் பயன்படுகிறது என்பதே மறந்துபோனால் அது முதுமையன்று; நோய். மறதி நோய்களுள் முதன்மையானது அல்சைமர் நோய். 1906 ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் இதனை முதன்முதலாக விளக்கினார். இந்நோயால் இறந்தவரின் மூளையில் புரதப் படிவுகளும், நூற்சிக்கல் போன்ற முடிச்சுகளும் இருப்பதை அவர் கண்டார். இதனை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இன்றும் இல்லை. ஆகவே நோய் வருமுன் காக்கும் வழி யாது என அறிஞர்கள் ஆராய்ந்து வருகின்றனர்.

கன்னியர் மடத்தில் ஓர் ஆய்வு

1986 ஆம் ஆண்டில் டேவிட் ஸ்நோடன் என்னும் அறிஞர் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஓர் ஆய்வைத் தொடங்கினார். நோட்ர டாம் பள்ளிச் சகோதரிகள் சபையைச் சேர்ந்த 678 கன்னியர் பின்னர் இதில் பங்கு கொண்டனர். அனைவரும் 75 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். அவர்களுள் பலர் ஆசிரியைகளாகப் பணியாற்றியவர்கள். இவர்களை ஏன் தேர்ந்தெடுத்தார்? ஒரே வகை உணவு, ஒரே வகை உறைவிடம், ஒரே வகை மருத்துவ வசதி; எவருக்கும் புகைப் பழக்கமில்லை. ஆகவே ஒருவருக்கு நோய் வந்து மற்றவருக்கு வராததன் காரணத்தைத் தேடுவது எளிதாயிற்று. ஆண்டுதோறும் நினைவாற்றல் தேர்வுக்கு உட்பட்ட அவர்கள், இறந்தபின் தம் மூளையையும் ஆய்வுக்கு வழங்க மனமுவந்து ஒப்பினர்.

அவர்களுள் சகோதரி மேரி என்பவர் 101 வயது வரை வாழ்ந்தார். முதிர்ந்த வயதிலும் தேர்வுகளில் நல்ல மதிப்பெண் பெற்றார். ஆனால் இறந்தபின் அவரது மூளையைப் பார்த்தபோது அல்சைமர் நோயின் படிவுகளும் முடிச்சுகளும் ஏராளமாக இருந்தன! மூளையில் நோயின் சுவடுகள் இருந்தும் அறிவு மங்கவில்லை. வங்கியில் சேமிப்பு உள்ள குடும்பம் கஷ்ட காலத்தைத் தாங்குவது போல, மூளையும் ஒரு சேமிப்பைக் கொண்டு இழப்பை ஈடுகட்டுகிறது என அறிஞர்கள் இதனை விளக்குகின்றனர்.

சேமிப்பு எங்கிருந்து வருகிறது?

இளமைக் கல்வி, வாசிப்பு, உடலுழைப்பு ஆகியவற்றோடு பிறருடன் கலந்து பழகுவதும் இச்சேமிப்பைப் பெருக்குகிறது. இரண்டு பேர் உரையாடுவது எளிய செயலாகத் தோன்றலாம். ஆனால் அப்போது மூளை எத்தனை வேலை செய்கிறது! காதில் விழும் சொல்லைப் பொருள் கொள்ள வேண்டும். பேசுபவரின் முகக்குறிப்பை உணர வேண்டும். பழைய செய்தியை நினைவிலிருந்து எடுக்க வேண்டும். தக்க பதிலையும் கோக்க வேண்டும். இத்தனையும் நொடிப்பொழுதில்!

2024 இல் ‘லான்செட்’ மருத்துவ இதழின் வல்லுநர் குழு மறதி நோய்க்கு வழிகோலும் 14 காரணங்களை எடுத்துக் கூறியது. இவையனைத்தையும் நீக்க முடிந்தால் ஏறத்தாழ 45 விழுக்காடு மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்பது அக்குழுவின் கணிப்பு. அவற்றுள் ஒன்று தனிமை. மற்றொன்று கேள்விக் குறைவு. காது மந்தமானவர் மெல்ல மெல்லப் பேச்சிலிருந்து ஒதுங்குகிறார் அல்லவா?

இங்கு ஓர் எச்சரிக்கை. நோயின் தொடக்கத்திலேயே சிலர் பிறரோடு பழகுவதைக் குறைத்துக்கொள்வர். எனவே தனிமை எவ்வளவு காரணம், எவ்வளவு விளைவு என்பதைப் பிரித்தறிவது கடினம். சுற்றம் சூழ வாழ்ந்தவருக்கும் இந்நோய் வருவதுண்டு. அதற்காக அவரையோ குடும்பத்தாரையோ குறை கூறுதல் தகாது. மேலும் தைராய்டு குறைபாடு, பி12 வைட்டமின் குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி ஏற்படும். இவை சிகிச்சையால் சீர்ப்படக் கூடியவை. ஆகவே மறதி மிகுந்தால், ‘வயதாகிவிட்டது’ என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நாம் செய்யக் கூடியவை

அன்பு மாணவியரே, “பாட்டி, நீங்கள் சும்மா உட்காருங்கள்” என்று நாம் அன்பினாலேயே சொல்கிறோம். அதனால் அவர்கள் கையிலிருந்த வேலையும் போகிறது. அதையொட்டிய பேச்சும் போகிறது. கீரை ஆய்வதையும் பால் கணக்குப் பார்ப்பதையும் அவர்களுக்கே விடுங்கள். பல்லாங்குழி ஆடக் கற்றுத்தரச் சொல்லுங்கள். எதிரில் அமர்ந்து, முகம் பார்த்து, நிதானமாகப் பேசுங்கள். காது கேட்கும் கருவி இருந்தால் அணிவித்து விடுங்கள். கோயிலுக்கோ அண்டை வீட்டுக்கோ கைப்பிடித்து அழைத்துச் செல்லுங்கள். மறந்தவரை, “நான் யார், சொல்லுங்கள் பார்க்கலாம்” என்று சோதிக்காதீர்கள். “நான் உங்கள் பேத்தி, பாட்டி” என்று நீங்களே சொல்லி அருகில் அமருங்கள்.

பள்ளி விட்டு வந்ததும் அரை மணி நேரம் போதும். அதற்குப் பணம் வேண்டாம். மருந்துச் சீட்டும் வேண்டாம். நம் வீட்டில் யாரோ ஒருவர் அந்த அரை மணிக்காகக் காலை முதல் காத்திருக்கிறார் என்பதை மறவாதிருப்போம்.