சொத்து வரி: கட்டும் முன் கணக்கைப் பாருங்கள்

சென்னையில் சொந்த வீடு வைத்திருப்பவர்களில் பலர், சொத்து வரி எவ்வளவு என்று மட்டும் பார்த்துக் கட்டிவிடுகிறார்கள். அந்தத் தொகை எப்படி வந்தது என்று கேட்பதில்லை. மாநகராட்சியின் பதிவேட்டில் உங்கள் வீட்டைப் பற்றி என்ன பதிவாகியிருக்கிறதோ, அதை வைத்துத்தான் வரி. பதிவு தவறாக இருந்தால், தவறான தொகையை ஆண்டுக்கணக்கில் கட்டிக்கொண்டே இருப்பீர்கள்.

முதலில் பழைய ரசீதை எடுங்கள். மண்டலம், வார்டு, பில் எண், உப எண் என்று நான்கு பகுதியாக ஓர் எண் இருக்கும். மாநகராட்சி இணையதளத்தில் அதைக் கொடுத்தால் உங்கள் கணக்கு திறக்கும். பெயரும் கதவு எண்ணும் சரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம் பரப்பளவும் பயன்பாடும். மாடியில் எப்போதோ நடந்த டியூஷன் சென்டர் காலி செய்துபோன பிறகும் அந்தத் தளம் வணிகப் பயன்பாடு என்றே பதிவில் இருந்தால், அதற்கான வரி வந்துகொண்டிருக்கும். குடியிருப்பைவிட வணிகத்துக்கு விகிதம் பல மடங்கு அதிகம்.

அடுத்தது கணக்கு. ஒவ்வொரு தெருவுக்கும் சதுர அடிக்கு இவ்வளவு என்று அடிப்படை விகிதம் உண்டு. பரப்பளவை அதனால் பெருக்கினால் மாத வாடகை மதிப்பு. கணக்குக்காக 800 சதுர அடி, விகிதம் 2 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாத மதிப்பு 1,600. அதில் நிலத்துக்கு 10 சதவீதம், அதாவது 160 ரூபாய். 12 மாதத்துக்கு 1,920. மீதி 1,440 கட்டடத்துக்கு. பராமரிப்புக்காக அதில் 10 சதவீதம் கழித்தால் 1,296. 12 மாதத்துக்கு 15,552. இரண்டையும் கூட்டினால் 17,472 ரூபாய். சொந்தக் குடியிருப்புக்கும் கட்டடத்தின் வயதுக்கும் உரிய கழிவுகள் தனி. அவை போக நிற்பது ஆண்டு மதிப்பு. அரையாண்டு வரி இதன் மேல்தான் போடப்படுகிறது. சென்னைக் குடிநீர் வாரியத்தின் வரியும் இதே மதிப்பை வைத்துத்தான். ஆகவே பரப்பளவில் 100 சதுர அடி கூடிப்போனால் இரண்டு இடத்தில் இழப்பு.

2022 ஏப்ரல் உயர்வையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். சென்னையின் பழைய பகுதிகளில் 600 சதுர அடி வரையுள்ள குடியிருப்புக்கு 50 சதவீதம், 1,200 வரை 75, 1,800 வரை 100, அதற்கு மேல் 150 என்று உயர்த்தினார்கள். 2011இல் நகரோடு இணைந்த பகுதிகளில் இது 25, 50, 75, 100. உங்கள் வீடு 1,190 சதுர அடியாக இருந்து பதிவில் 1,210 என்று இருந்தால், அந்த இருபது சதுர அடி உங்களை அடுத்த படிக்குத் தள்ளியிருக்கும். படியின் விளிம்பில் இருப்பவர்கள் டேப்பை எடுத்து ஒருமுறை அளந்துவிடுவது நல்லது. சுவர்க் கனத்தையும் சேர்த்து அளக்க வேண்டும். அபார்ட்மென்ட்வாசிகள், பில்டர் விளம்பரத்தில் சொன்ன சூப்பர் பில்ட்-அப் பரப்பை நம்பாமல் அங்கீகரித்த வரைபடத்தோடு ஒப்பிடுங்கள்.

தவறு தெரிந்தால் மண்டல அலுவலகத்தின் வருவாய்ப் பிரிவில் எழுத்து மூலம் மனு கொடுங்கள். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வருவதில் பயனில்லை. வரைபட நகல், பத்திர நகல், கடைசி ரசீது மூன்றையும் இணைத்து, நேரில் வந்து அளக்கும்படி கேளுங்கள். மனு பெற்றதற்கான ஒப்புகை இல்லாமல் கிளம்பாதீர்கள். மனு நிலுவையில் இருக்கிறதே என்று வரியை நிறுத்தவும் வேண்டாம். தாமதத்துக்கு மாதம் 1 சதவீத வட்டி ஏறும். கூடுதலாகக் கட்டியதை அடுத்த தவணையில் கழிக்கும்படி மனுவிலேயே ஒரு வரி சேருங்கள்.

கட்டுவதற்கு நல்ல நேரம் ஏப்ரலும் அக்டோபரும். அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை உண்டு.

வீடு வாங்கியவர்கள் பத்திரம் பதிந்ததோடு நிற்காமல் வரிப் பதிவிலும் பெயர் மாறிவிட்டதா என்று பாருங்கள். பழைய உரிமையாளரின் நிலுவையை வாங்கும் முன்பே தீர்க்கச் சொல்லுங்கள். பிறகு அது உங்கள் வாசலுக்குத்தான் வரும். காலமான பெற்றோர் பெயரில் இருக்கும் வீடென்றால் வாரிசுச் சான்றிதழோடு விண்ணப்பிக்க வேண்டும். ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம்: வரி ரசீதில் உங்கள் பெயர் இருப்பது வரி கட்டியதற்குச் சான்று. வீட்டுக்கு உரிமை சொல்லப் பத்திரமும் பட்டாவும் வேண்டும்.